ஏழு வருஷ வினைல்

திம்மப்பன் செத்துப்போனார் என்ற செய்தி ஓசூர் பாகலூர் ரோடு முழுக்கப் பரவிய நேரத்தில், திம்மப்பன் தன் வீட்டு மாடியில் உட்கார்ந்து கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். அவரைக் கொன்றது நோயும் இல்லை, லாரியும் இல்லை. மோகன்குமாரின் ஸ்டிக்கர் கடை.

மோகன்குமார் சிப்காட்டில் பல்சக்கரம் வெட்டும் கம்பெனி ஒன்றில் வருடக்கணக்காக வேலை பார்த்தவன். பெரும்பாலும் நைட் ஷிஃப்ட். ஒருநாள் பாதி ஷிஃப்டில், டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு கேட்டைத் தாண்டியவன் திரும்பிப் போகவில்லை. கம்பெனியைப் பொறுத்தவரை அவன் இன்னும் டீதான் குடித்துக்கொண்டிருக்கிறான். அதன்பிறகு திம்மப்பனின் காம்ப்ளெக்ஸில் கடைசிக் கடையை வாடகைக்குப் பிடித்தான். வினைல் வெட்ட ஒரு பழைய பிளாட்டர் மெஷினை வாங்கிப் போட்டு, நம்பர் பிளேட், ஆட்டோவின் பின்கண்ணாடிக்குப் பிள்ளைகளின் பெயர், கம்பெனிச் சுவருக்கு ‘ஹெல்மெட் அணியவும்’ என்று வெட்டி ஒட்டிப் பிழைத்துவந்தான். இந்தக் கடை போனால் அவனைச் சேர்த்துக்கொள்ளும் அடுத்த இடம் அந்தக் கம்பெனி கேட்தான். அதனால் கடை போகக் கூடாது. அவனுக்கு இருந்த ஒரே கொள்கை அது.

கட்டட ஓனர் திம்மப்பனுக்கோ கொள்கைகளுக்குக் குறைவில்லை. ஓசூரின் ராகிக் கொல்லைகள் லேஅவுட்டுகளாக மாறியபோது அவருடைய கொல்லைகளும் மாறின, கூடவே அவரும் சமூக சேவகராக மாறினார். அடுத்த கவுன்சிலர் தேர்தலில் நிற்பதாக எண்ணம். பஸ் ஸ்டாப்புகளுக்கு இரும்புப் பெஞ்சு வாங்கிப் போட்டிருந்தார். ஒவ்வொரு பெஞ்சின் சாய்மானத்திலும் அவர் முகம். ஊரே அவர் முகத்தில் முதுகைத் தேய்த்துவிட்டுப் பஸ் ஏறும். அது போதவில்லை என்றுதான் அவர் பிணம் ஏற்றும் வண்டிக்கு வந்தார்.

பழைய வேன் ஒன்றை வாங்கி, மனைவி கெம்பம்மாவின் தம்பி நடத்தும் பெயிண்டிங் ஷெட்டில் விட்டு வெள்ளை அடித்து, நேராக ஸ்டிக்கர் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்.

“மோகா, ரெண்டு பக்கமும் என் போட்டோ வரணும். தலையில இருந்து கால் வரைக்கும். கும்பிடற மாதிரி இருக்குதே, அது.”

கடையில் டிசைன் வேலை செய்யும் சுப்ரியா கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பினாள். அவள் சேலத்துக்காரி. புருஷனுக்கு சிப்காட்டில் வேலை. மனதில் பட்டதை வாய்க்கு அனுப்புவதற்கு இடையில் எங்கேயும் நிறுத்தி வைக்காத பெண்.

“அண்ணா, இது பொணம் ஏத்தற வண்டிங்களா?”

“அமரர் ஊர்தி.”

“அதுல உங்க போட்டோவா?”

“பின்ன, உன் போட்டோவ போடுவாங்களா?”

“எனக்கு வேண்டாங்ண்ணா. நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்கலாம்னு இருக்கன்.”

மோகன்குமார் இருமினான். வாடகைக்காரனின் இருமல் அது. அதற்கு ‘வாயை மூடு’ என்று அர்த்தம். சுப்ரியா மூடிக்கொண்டாள். ஆனால் டிசைன் போடும்போது ‘உபயம்’ என்ற வார்த்தையைப் பெரிதாக மேலே வைத்தாள். திம்மப்பன் பின்னால் நின்றுகொண்டு, முகம் இன்னும் பெரிசு, இன்னும் பெரிசு என்றார். முகம் பெருக்கப் பெருக்க உபயம் சிறுத்துக் கீழே இறங்கியது. கடைசியில் அது பின்சக்கரத்துக்குப் பக்கத்தில், சேறு தெறிக்கும் இடத்தில் போய் நின்றது.

அடுத்தது எந்த வினைலில் அடிப்பது என்ற கேள்வி. தப்பு நடந்தது இங்கேதான், அதைச் செய்தது திம்மப்பன் இல்லை.

கடையில் மூன்று வகை இருந்தது. ஒன்று சாதா வினைல். மலிவு. வெயில் பட்டால் சுருங்கும், ஓரம் தூக்கும். ஆட்டோக்காரர்கள் கேட்பது அதுதான். இரண்டாவது ரிமூவபிள். வேண்டாம் என்றால் வாழைப்பழத் தோல் மாதிரி உரித்துப் போட்டுவிடலாம், ஒட்டினதற்கு அடையாளமே இருக்காது. மூன்றாவது காஸ்ட். மெல்லிசு, ஆனால் உறுதி. தகரத்தின் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் தோல் மாதிரி படிந்துகொள்ளும், ஏழு வருஷம் அசையாது. ஒரு கார் ஷோரூம் வேலை வரும் என்று நம்பி மோகன்குமார் பெங்களூரில் வாங்கிவந்த ரோல் அது. ஷோரூம் வேலை வேறு எவனுக்கோ போய்விட்டது. ரோல் மட்டும் அலமாரியின் மேல்தட்டில், பழைய லுங்கி ஒன்றைச் சுற்றிக்கொண்டு, தகுதியான ஒரு வேலைக்காகப் படுத்திருந்தது. மழை பெய்தால் அவன் முதலில் ஓடிப்போய்த் தொட்டுப் பார்ப்பது அதைத்தான்.

“ரிமூவபிள் போட்ருங்க,” என்று சுப்ரியா காதோரம் சொன்னாள். “இவுருக்கு மனசு மாறும்.”

அது சரி என்று அவனுக்கே தெரியும். சரியாக அப்போது திம்மப்பன் கேட்டார்.

“இதுல எது ரொம்ப நாள் நிக்கும்?”

“காஸ்ட்டுங்ண்ணா. ஏழு வருஷம்.”

வாய் முந்திக்கொண்டது. கை அதற்குள் லுங்கியை அவிழ்த்துக்கொண்டிருந்தது.

வண்டியைத் தொட்டுப் பார்த்தபோது பெயிண்டில் தின்னர் வாடை அடித்தது. பெயிண்ட் காய்வது வேறு, இறுகுவது வேறு. அடித்த பெயிண்ட் இறுகச் சில வாரமாவது விட வேண்டும், அப்புறம்தான் வினைல். மோகன்குமார் சொல்லியிருக்கலாம். திறப்பு விழா வளர்பிறையில் என்று திம்மப்பன் குதித்துக்கொண்டிருந்ததால் சொல்லவில்லை என்பது அவன் பிற்பாடு தனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். உண்மையில் அவனுக்கு ஒட்ட வேண்டும். அவ்வளவுதான்.

ஒட்டினான். ஹீட் கன்னால் சூடு காட்டி, ஸ்கிராப்பரால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளி, முறுக்கு மீசையின் நுனி வரைக்கும் தேய்த்து, கதவின் மடிப்புக்குள் திம்மப்பனின் முழங்கையை வளைத்து இறக்கி, கும்பிட்ட விரல்நுனிகளுக்குக் கீழே தூக்காமல் இருக்கப் பிரைமர் வேறு தடவி. ஒரு குமிழ் இல்லை, ஒரு சுருக்கம் இல்லை. வேனுக்குப் பிறவியிலேயே திம்மப்பன் இருந்த மாதிரி இருந்தது. மோகன்குமார் எதிர்ப்பக்க பிளாட்பாரத்தில் போய் நின்று பார்த்தான். மறுபடி நடந்து வந்து கிட்டே பார்த்தான்.

“போதும்ணா,” என்றாள் சுப்ரியா. “அவுரு பொண்டாட்டி கூட அவுர இவ்ளோ நேரம் பாத்திருக்காது.”

விழா முடிந்தது. வண்டியின் முதல் சவாரி கெலவரப்பள்ளிப் பக்கம் இறந்துபோன ஒரு கிழவிக்கு. அந்த வீட்டு ஆட்கள் முறைப்படி வண்டி முழுக்கச் சாமந்திச் சரம் கட்டினார்கள். பிணவண்டியில் ஒரு போட்டோ இருந்து அதற்கு மாலை போடாமல் விடுவது மரியாதை இல்லை என்று எவனோ ஒரு நல்லவனுக்குத் தோன்றியிருக்கிறது. கூரைக் கொக்கியிலிருந்து இரண்டு பெரிய ரோஜா மாலைகளைத் தொங்கவிட்டு, இரண்டு பக்கத் திம்மப்பன்களின் கழுத்திலும் சரியாக விழும்படி கட்டிவிட்டான். முன்னால் மேளம், பட்டாசு. உள்ளே கிழவி யார் கண்ணுக்கும் படாமல் படுத்திருந்தாள். வெளியே ஆளுயரத் திம்மப்பன் மாலையும் கழுத்துமாக, சிரித்த முகத்தோடு, கடைவீதிக்கே கும்பிடு போட்டபடி ஊர்வலம் போனார். சக்கரத்துக்குப் பக்கத்தில் இருந்த உபயத்தை ஒருவரும் படிக்கவில்லை.

மோகன்குமாருக்குச் செய்தி வந்தது ஆர்டராக. அதே காம்ப்ளெக்ஸில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் ராஜ்குமார் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு வந்து நின்றான்.

“மோகா, வியாபாரிங்க சார்புல அர்ஜென்ட்டா ஒரு கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் வேணும். போட்டோ உன்கிட்டயே இருக்கும்.”

“யாருக்கு?”

“ஓனருக்குதான். உனக்குத் தெரியாதா? இப்பதான் எடுத்துக்கினு போறாங்க. சுடுகாடு வரைக்கும் போயிருக்கும் இந்நேரம்.”

மோகன்குமார் ஒரு கணம் நம்பிவிட்டான். அந்த ஒரு கணத்தில் அவன் துக்கப்படவில்லை. இனி வாடகை யார் கையில் கொடுப்பது, அந்த ஆள் கடையை விட்டுவைப்பானா என்றுதான் யோசித்தான். பிறகு திம்மப்பனுக்கே போன் போட்டான்.

“என்னடா?” என்றது போன்.

“அண்ணா… நல்லா இருக்கீங்களா?”

“ஏன், இருக்கக் கூடாதா?” போன் கட்டானது.

ராஜ்குமார் முகத்தில் லேசான ஏமாற்றம். “அப்ப ஃப்ளெக்ஸ் வேண்டாம்,” என்று சொல்லி, போய் ஷட்டரைத் தூக்கினான்.

அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. திம்மப்பன் வீடு காம்ப்ளெக்ஸுக்கு எதிரேதான். மோகன்குமார் தெருவைக் கடப்பதற்குள் ஒரு லோடு ஆட்டோ வந்து நின்றது. வேப்பனப்பள்ளியில் வாழ்க்கைப்பட்ட திம்மப்பனின் தங்கை முனிலட்சுமி, கடைவீதிக்கு வந்திருந்த இடத்தில் ஊர்வலத்தைப் பார்த்துவிட்டு, கோடித் துணியைக் கையில் பிடித்தபடி, சொந்தக்காரப் பெண்கள் சூழ இறங்கினாள். சத்தம் கேட்டு மாடியிலிருந்து இறங்கி வந்த திம்மப்பன் கையில் நகவெட்டியோடு வாசலில் நின்றார். முனிலட்சுமி நிமிர்ந்து பார்க்கிற நிலைமையில் இல்லை. முன்னால் நின்ற காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“எங்கண்ணா… தோப்புல நாலு மரம் தர்றன்னு சொன்னியே. பழம் வேண்டாம், நிழலயாவது காட்டினியா. இன்னிக்கி மாலையப் போட்டுக்கினு வண்டி ஏறிட்டியே…”

“முனிலட்சுமி,” என்றார் திம்மப்பன். “நான் இங்கதான் இருக்கன்.”

அழுகை நின்றது. அவள் மெதுவாக நிமிர்ந்து, காலிலிருந்து முகம் வரைக்கும் பார்த்தாள்.

“இருக்கியா?”

“இருக்கன்.”

“அப்ப அந்த நாலு மரம்?”

உள்ளேயிருந்து வந்த கெம்பம்மா சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். தெருவில் நின்ற பாதிப் பேர் அதை அழுகை என்று நினைத்தார்கள்.

திம்மப்பனுக்குக் கோபம் யார்மேல் போக வேண்டும் என்று தெரியவில்லை. கண்ணில் பட்டவன் மோகன்குமார்.

“டேய். உயிரோட இருக்கறவன் காலுக்குக் கோடித் துணி வந்திருக்குது. பொழுது சாய்ஞ்சு விளக்கு வைக்கறதுக்குள்ள என் மூஞ்சி அந்த வண்டில இருக்கக் கூடாது. இருந்துச்சுன்னா நாளைக்குக் காலைல உன் ஷட்டர்ல என் பூட்டு தொங்கும்.”

“சும்னிரி,” என்று கன்னடத்தில் அவரை அடக்கினாள் கெம்பம்மா. “அந்தப் பையன் என்ன பண்ணுவான். நீங்க கேட்டத ஒட்டினான்.”

“கேட்டா ஒட்டிடறதா?”

கிழவியை இறக்கிவிட்டு வண்டி கடை வாசலுக்கு வந்தபோது வெயில் உச்சியைத் தாண்டியிருந்தது. மோகன்குமார் மாலைகளை அவிழ்த்துப் போட்டுவிட்டு வலது பக்கத் திம்மப்பனின் தலைமுடியில் ஹீட் கன்னைக் காட்டினான். மூலையை நகத்தால் கிளப்பி இழுத்தான். காஸ்ட் வினைல் வரவில்லை. இன்னும் சூடு காட்டி, இன்னும் பலமாக இழுத்தான். வந்தது. முகம் முழுசாக, ஒரே தோலாக, கிழியாமல் கையோடு வந்தது. பின்பக்கம் திருப்பிப் பார்த்தான். அதில் வேனின் வெள்ளைப் பெயிண்டும் மொத்தமாக ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

வேனில், திம்மப்பனின் முகம் இருந்த இடத்தில், அதே அளவில், அதே காது வளைவோடு, துருப்பிடித்த தகரம் தெரிந்தது. கழுத்துக்குக் கீழே வெள்ளை வேட்டி சட்டையில் கும்பிட்டபடி உடம்பு அப்படியே இருந்தது.

சுப்ரியா வெளியே வந்து இடுப்பில் கை வைத்துப் பார்த்தாள்.

“காலைல செத்தவரு மாதிரி இருந்தாரு,” என்றாள். “இப்ப செத்து ரொம்ப நாளான மாதிரி இருக்காரு.”

எதிர் மாடியில் திம்மப்பன் எட்டிப் பார்த்தார். துருத்தலையோடு தன்னையே கும்பிட்டு நின்ற தன்னைப் பார்த்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். திட்டியிருந்தால்கூட மோகன்குமாருக்குத் தைரியம் வந்திருக்கும்.

மற்றதையும் உரித்தால் வண்டியில் திம்மப்பன் வடிவத்தில் ஒரு துருப் பேய் நிற்கும். மறுபடி பெயிண்ட் அடிக்க நேரம் இல்லை. வெறும் வெள்ளை வினைலை மேலே ஒட்டி மறைக்கலாம் என்றால் வண்டிக்குப் போதுமான ரோல் இல்லை. மோகன்குமார் பிளாட்பாரத்தில் உட்கார்ந்தான். கம்பெனி சைரன் எங்கோ ஊதியது, ஷிஃப்ட் மாறுகிற நேரம். இப்போது போய் நின்றால் சூப்பர்வைசர் என்ன கேட்பான் என்று அவனுக்குத் தெரியும். டீ குடிச்சாச்சா என்பான்.

“மோகனண்ணா, அந்த மாம்பழம் இருக்குதே,” என்றாள் சுப்ரியா.

கிருஷ்ணகிரிப் பக்கம் மாம்பழக்கூழ் கம்பெனி வைத்திருந்த அண்ணன் தம்பி இருவர் வேனுக்கு ஒட்ட ஆர்டர் கொடுத்தது அது. பிரின்ட் அடித்து முடிப்பதற்குள் அவர்கள் அடித்துக்கொண்டு பிரிந்துவிட்டார்கள். பெயர் யாருக்கு என்று இன்னும் முடிவாகவில்லை, அதனால் யாரும் வந்து வாங்கவில்லை. வேனின் இரண்டு பக்கத்துக்கும் சரியாக வரும் அளவு. பச்சைப் பசேல் என்று மாந்தோப்பு, கொத்துக் கொத்தாகப் பழம், நடுவில் ஆள் தலை அளவுக்கு ஒரு பழுத்த மாம்பழம், அதன் நுனியில் சொட்டுகிற சாறு.

“அது சாதா வினைல்,” என்றான் மோகன்குமார். “ஒரு வெயிலுக்குத் தாங்காது. அடில இருக்கறது மேல தெரியும். அசிங்கம்.”

“நிக்க வேண்டியது வினைலா, கடையா?”

அவன் எழுந்தான்.

சுப்ரியா கம்பெனிப் பெயரையும் போன் நம்பரையும் கத்தியால் வெட்டி எடுத்தாள். ‘குழந்தைகள் விரும்பும் சுவை’ என்று ஒரு வரி இருந்தது, அதையும் எடுத்தாள். அந்த ஓட்டைகளில் மிச்சத் துண்டுகளிலிருந்து இலைகளை வெட்டி வைத்து அடைத்தாள். மோகன்குமார் வலது பக்கம் துருவை உப்புக்காகிதத்தால் தேய்த்து, துணியால் துடைத்து, தோப்பை இறக்கினான். இடது பக்கத் திம்மப்பனைத் தொடவே இல்லை. அவர்மேல் அப்படியே சோப்புத் தண்ணீர் அடித்துத் தோப்பை நகர்த்தி வைத்தான். பெரிய மாம்பழம் சரியாக முகத்தின் மேல் உட்கார்ந்தது. இந்த முறை குமிழ்கள் இருந்தன. ஊசியால் குத்திக் காற்றை விட்டான், பெருமைப்படவில்லை. தொந்தி இருந்த இடத்தைக் கடைசியாக ஒருமுறை தேய்த்துவிட்டுத் தள்ளி நின்றான்.

பொழுது சாய்ந்தது. கெம்பம்மா வந்தாள், பின்னாலேயே முனிலட்சுமி. கோடித் துணியை வீணாக்க மனமில்லாமல் அவள் அதை அண்ணனுக்கே வேட்டியாகக் கொடுத்துவிட்டு வந்திருந்தாள்.

“சென்னாகிதே,” என்றாள் கெம்பம்மா. நன்றாக இருக்கிறதென்று அவள் சொல்லி மோகன்குமார் கேட்டது அதுதான் முதல் தடவை.

முனிலட்சுமி வண்டியைச் சுற்றி வந்து எண்ணிப் பார்த்தாள். “இந்தப் பக்கம் ரெண்டு மரம், அந்தப் பக்கம் ரெண்டு மரம். எங்கண்ணன் சொன்ன வாக்கைக் காப்பாத்திட்டாரு. எழுதிக் குடுக்காம ஒட்டிக் குடுத்துட்டாரு.”

மாடிக் கதவு ஒரு விரல் அளவுக்குத் திறந்தது. “மூஞ்சி போயிடுச்சா?” என்று குரல் மட்டும் வந்தது.

கெம்பம்மா இடது பக்க மாம்பழத்தின் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவினாள். கொஞ்சம் நிறுத்தி, விரல்நுனியால் இன்னொரு தடவை தடவினாள். உள்ளே இருந்த வினைலின் விளிம்பு அவளுக்குத் தட்டுப்பட்டிருக்க வேண்டும். மோகன்குமாரைப் பார்த்தாள். அவன் ஹீட் கன்னின் ஒயரைச் சுற்றுவதில் ரொம்ப மும்முரமாக இருந்தான்.

“போயிடுச்சு,” என்று மாடியைப் பார்த்துச் சொன்னாள். “வந்து பாருங்க.”

கதவு சாத்திக்கொண்டது.

மறுநாள் காலையில் ஷட்டரில் பூட்டு இருந்தது. மோகன்குமாருடைய பூட்டுதான்.

மாசி போய்ப் பங்குனி வெயில் வந்ததும், சொன்ன மாதிரியே சாதா வினைல் வெளுத்துச் சுருங்கி, உடம்போடு ஒட்டி, அடியில் இருந்ததையெல்லாம் காட்டிக்கொடுக்க ஆரம்பித்தது. சாய்ந்த வெயிலில் இடது பக்கம் வண்டியைப் பார்த்தால், மரங்களுக்கு நடுவே தொந்தி வைத்த ஒரு மனிதரின் விளிம்பு புடைத்துத் தெரிந்தது, கும்பிட்ட கையோடு. மஞ்சள் மாம்பழத்தின் நட்டநடுவில், கறுப்பாக, இரண்டு பக்கமும் முறுக்கிய மீசை மெல்ல மேலே வந்தது. ஊரில் இப்போது யாரும் அமரர் ஊர்தி என்று கேட்பதில்லை. துக்க வீட்டிலிருந்து டிரைவருக்குப் போன் போட்டு, மீசை மாம்பழ வண்டி இருக்குதா என்கிறார்கள். பிணத்தின் பின்னால் நடக்கிறவர்களில் ஒருவனாவது அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொள்கிறான்.

திம்மப்பனுக்கு மட்டும் தெரியாது. அந்த வண்டியை அவர் அதன்பிறகு பார்க்கவில்லை. மேளச் சத்தம் தூரத்தில் கேட்டாலே எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறார். மேளம் கேட்டதும் மோகன்குமார் முதலில் பார்ப்பது வண்டியை இல்லை, எதிர் மாடியை. நாற்காலி காலியாக இருக்கும், கதவு மூடியிருக்கும். அப்புறம்தான் அவன் மூச்சை விடுவான்.

ஒருநாள் கெம்பம்மா கொத்தமல்லி வாங்கப் போகிற வழியில் கடை முன்னால் நின்றாள். வண்டி கடந்து போனது, மீசையோடு. அவளும் மோகன்குமாரும் பார்த்தார்கள்.

“அடியில இருக்கறது எத்தன வருஷம்னு அவருகிட்ட சொன்ன?”

“ஏழுங்க்கா.”

கெம்பம்மா மாடியைப் பார்த்தாள். சாத்திய கதவையும் வண்டி போன திசையையும் ஒருமுறை மாறிமாறிப் பார்த்தாள்.

“அவரு அவ்ளோ நாள் இருப்பாரா,” என்று சொல்லிவிட்டுப் பையை உதறிக்கொண்டு கொத்தமல்லிக்குப் போனாள்.

உள்ளே ஒரு ஆட்டோக்காரன் தன் மகள் பெயரை ஒட்ட வந்து காத்திருந்தான். எது ரொம்ப நாள் நிக்கும் என்று கேட்டான். லுங்கி சுற்றிய ரோலில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. மோகன்குமார் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

“எல்லாம் ஒண்ணுதான்,” என்றான். சுப்ரியா கம்ப்யூட்டரிலிருந்து தலையைத் திருப்பவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.